பரண் மேல் ஒரு பட்டாளம்

போன மாதம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தபோது பரணில் இருந்ததையெல்லாம் கீழே இறக்க வேண்டியதாயிற்று. மூன்று ட்ரங்குப் பெட்டி, ஏழு தண்ணீர்க் குடுவை, இரண்டு இரும்புத் தொப்பி, பதினோரு பெல்ட், தோள்வார், தோல்பை, கித்தான் பை, பித்தளைக் கொக்கிகளை மட்டும் போட்டு வைத்த ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில். கூடம் முழுக்கப் பரப்பி வைத்திருந்ததைப் பார்த்த பெயின்டர், "சார் மிலிட்டரில இருந்தீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து என் மனைவி, "நீங்க வேறப்பா, பல்லி விழுந்தா என்னைத்தான் கூப்பிடுவாரு" என்றாள்.

உண்மைதான். நான் பட்டாளத்தில் இருந்ததில்லை, எங்கள் குடும்பத்திலும் யாரும் இருந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் எட்டாவதும் ஒன்பதாவதும் படிக்கும்போது என்.சி.சி.யில் இருந்தேன், அதுவும் பரேடு முடிந்ததும் கிடைக்கும் பூரி கிழங்குக்காக. ஆனால் அந்த இரண்டு வருடத்தில் ஒரு விஷயம் கையில் ஒட்டிக்கொண்டது. பரேடுக்கு முந்தின நாள் ராத்திரி கிழிந்த பனியன் துணியில் பிராஸோவைத் தொட்டு பெல்ட்டின் பித்தளைப் பட்டையைத் தேய்ப்போமே, முதலில் கறுப்பாக வரும், விட்டுவிடாமல் தேய்த்தால் மஞ்சளாகி முகம் தெரியும், அந்த வாசனையும் கூடவே வரும். இன்றைக்கும் பிராஸோ டப்பாவைத் திறந்தால் எனக்குப் பதிமூன்று வயது.

2009-இல் ஒரு வெள்ளிக்கிழமை, பல்லாவரம் சந்தைக்கு மேசை விசிறி ஒன்று வாங்கப் போனேன். பல்லாவரம் சந்தையைத் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பக்கம் ரோஜாச் செடி, ஒரு பக்கம் புறா, நடுவில் ஓடாத கடிகாரமும் ஒற்றைச் செருப்பும் ரிமோட்டும். அங்கே ஒரு தார்ப்பாய் மேல் கிடந்தது அந்த பெல்ட். என்.சி.சி. பெல்ட் என்றுதான் எடுத்தேன். திருப்பினால் உள்பக்கம் மங்கலாக ஒரு முத்திரை: மேல்நோக்கி ஒரு அம்புக்குறி, அதன் கீழே ஆங்கில 'ஐ', பக்கத்தில் 1943. நூற்றைம்பது ரூபாய் சொன்னார், நூறுக்குக் கேட்டு நூற்றிருபதுக்கு முடிந்தது. விசிறி வாங்கவில்லை.

அந்த அம்புக்குறி என்னவென்று தெரிந்துகொள்ள ஒரு வாரம் ஆயிற்று. அகன்ற அம்பு என்பது பிரிட்டிஷ் அரசுச் சொத்துக்கான அடையாளம், அதோடு 'ஐ' சேர்ந்தால் இந்திய அரசுச் சொத்து. பெல்ட் 1937 பேட்டர்ன் என்று சொல்லப்படும் பருத்தி வார்த் தொகுப்பைச் சேர்ந்தது. அதற்கு முந்தைய 1908 பேட்டர்னில் மார்புக்கு இரண்டு பக்கமும் ஐந்தைந்து சின்னப் பைகள், பைக்குப் பதினைந்து தோட்டா என்று மொத்தம் 150 தோட்டா. 1937-இல் அதையெல்லாம் எடுத்துவிட்டு இரண்டே இரண்டு பெரிய பை வைத்தார்கள். ஏனென்றால் அதற்குள் பிரென் இயந்திரத் துப்பாக்கி வந்துவிட்டது. குழுவில் பிரென் பிடிப்பவர் ஒருவர்தான், ஆனால் அதற்கான மேகசின்களை, அதாவது தோட்டா அடுக்கிய பெட்டிகளை, குழுவில் எல்லோரும் சுமக்க வேண்டும். அந்த வளைந்த மேகசின் நுழைகிற அளவுதான் அந்தப் பையின் அளவு. இந்த ஒரு தகவல் தெரிந்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. அதுவரை அது ஒரு பெல்ட், அதற்கப்புறம் அது ஒரு செட்டின் ஒரு பகுதி. செட் என்ற வார்த்தை மனதில் விழுந்தால் அவ்வளவுதான், தபால்தலை சேர்த்தவர்களுக்குத் தெரியும்.

பெல்ட் இருக்கிறது, சரி. பெல்ட்டுக்கு இரண்டு பை வேண்டும். பை தொங்க தோள்வார் வேண்டும். முதுகுக்குச் சின்ன மூட்டை, அதற்கு ஆங்கில 'எல்' வடிவத்தில் இரண்டு வார். பயனெட்டுக்கு உறை, கணுக்காலுக்குப் பட்டை, தண்ணீர்க் குடுவை, குடுவைக்கு ஒரு கூடு. அந்தக் குடுவையே தனி அழகு. நீல எனாமல் பூசிய தகரம், மேலே கம்பளித் துணி உறை, வாயில் கார்க், கார்க் தொலையாமல் இருக்க ஒரு கயிறு. துணியை நனைத்து விட்டால் உள்ளே தண்ணீர் கொஞ்சம் குளிரும், நம் மண்பானைக் கணக்குதான். முதல் குடுவை கிடைத்தபோது கார்க் இல்லை. கார்க் உள்ள இன்னொன்று கிடைத்தபோது அதற்குக் கம்பளி இல்லை. அப்படித்தான் ஏழு.

கையில் நாலு பொருள் சேர்ந்ததும் கண் மாறிவிடுகிறது. இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள், ஆனால் ஓடுகிற பஸ்ஸிலிருந்து ரோட்டோரக் காயலான் கடையில் தொங்கும் துணி வாரின் நெசவைப் பார்த்து அது சீமையா உள்ளூரா என்று சொல்லிவிடுவேன். இங்கிலாந்தில் மில்ஸ் கம்பெனி செய்தது ஒரே நெசவாக இறுக்கமாக இருக்கும், போர்க்காலத்தில் இந்தியாவில் செய்தது துணியை மடித்துத் தைத்த மாதிரி முரடாக இருக்கும், தையல் தெரியும். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்தியத் தயாரிப்பை மட்டமாகப் பேசுவார்கள், எனக்கோ அதுதான் வேண்டும். அந்த முரட்டுத் தையலை எந்த ஊர் ஆலையில் எந்த அம்மா உட்கார்ந்து தைத்தாளோ. அந்தப் போரில் இந்தியப் படையில் சேர்ந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். அத்தனை இடுப்புக்கும் பெல்ட் வேண்டும் என்று ஒரு நிமிடம் யோசித்தால் தலை சுற்றும்.

ஒரு தடவை இந்திய முத்திரை உள்ள தோட்டாப் பை ஒன்று இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. இங்கே தைத்தது, கப்பலேறி வட ஆப்பிரிக்காவுக்கோ இத்தாலிக்கோ போய், அப்புறம் எப்படியோ ஒரு ஆங்கிலேயர் வீட்டுக் கார் ஷெட்டில் எழுபது வருஷம் தூங்கியது. விலை குறைவுதான். தபால் செலவும் சுங்க வரியும் சேர்ந்து விலையைவிட இரண்டு மடங்கு. இந்தியாவில் செய்த துணிப்பையை இந்தியாவுக்குள் கொண்டுவர நான் வரி கட்டினேன். பார்சல் வந்த அன்று மனைவியிடம் "முந்நூறு ரூபாய்" என்றேன். இந்தப் பொழுதுபோக்கில் எல்லோரும் கற்றுக்கொள்ளும் முதல் பாடம் ஒரு பூஜ்ஜியத்தை விழுங்குவது. இரண்டாவது, பார்சலை ஆபீஸ் முகவரிக்கு வரவழைப்பது. மூன்றாவது, காரின் டிக்கியில் நாலு நாள் வைத்திருந்து, வீட்டில் நல்ல மனநிலை பார்த்து உள்ளே கொண்டுவருவது. அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது எனக்கும் தெரியும், ஆனாலும் இருவரும் அந்த நாடகத்தை விடவில்லை.

என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் பெல்ட்டில் பச்சைக் காவி மாதிரி ஒரு பொடி ஏறிப் போயிருந்தது, தொட்டால் விரலில் ஒட்டும். அழுக்கு என்று நினைத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கெட்டில் சலவைத் தூள் போட்டு ஊறவைத்து, துணி துவைக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, மாடியில் காயப்போட்டேன். வெளுத்துப் பளிச்சென்று வந்தது. அது அழுக்கில்லை, பிளாங்கோ. சிப்பாய்கள் வாருக்குப் பூசும் வண்ணக் கட்டி. தண்ணீரில் குழைத்து, பிரஷ்ஷால் தடவி, காயவைத்து, மறுபடி தடவி, ஹவில்தாரிடம் திட்டு வாங்காமலிருக்க ஒருவன் ராத்திரி உட்கார்ந்து பூசியது. நான் சாக்கடையில் விட்டது அவனுடைய ராத்திரிகளை. போதாததற்கு 1943 முத்திரையும் பாதி போய்விட்டது, இப்போது 19 மட்டும் தெரியும். அந்த பெல்ட்டை இன்னும் வைத்திருக்கிறேன், ஆனால் யாருக்கும் காட்டுவதில்லை. அதற்குப் பதிலாகத்தான் இன்னொன்று வாங்கினேன். அதற்குப் பதிலாக என்று சொல்லிக்கொண்டே இன்னும் ஒன்பது.

கொஞ்ச நாள் ஜெரி கேனில் விழுந்தேன். இருபது லிட்டர் பெட்ரோல் டின்தானே என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே ஒன்றுக்கு மூன்று பிடி. நடுப் பிடியைப் பிடித்தால் ஒருவர் தூக்கலாம், ஓரப் பிடிகளைப் பிடித்தால் இருவர் தூக்கலாம், காலி டின் என்றால் ஒரு கையிலேயே இரண்டை அள்ளலாம். வரிசையில் நின்று கைமாற்றும்போது ஒருவர் விடுவதற்கு முன்பே அடுத்தவர் பிடிக்க இடம் இருக்கும். இது ஜெர்மானியர் 1930-களில் வடிவமைத்தது. ஆங்கிலேயரிடம் அப்போது இருந்த டின் தட்டினால் ஒழுகும் தகரம், எதிரியிடமிருந்து கைப்பற்றியதைப் பார்த்துத்தான் அப்படியே நகலெடுத்தார்கள், 'ஜெரி' என்பதே ஜெர்மானியனுக்கு அவர்கள் வைத்த பட்டப்பெயர். பக்கவாட்டில் வருஷம் புடைப்பாக அழுத்தியிருக்கும். போர் முடிந்ததும் இங்கே மிலிட்டரி டிஸ்போசல் என்று ஏலத்தில் போனதில் எத்தனையோ டின்கள் மெக்கானிக் ஷெட்டுக்கும் மண்ணெண்ணெய்க் கடைக்கும் போயின. நான் 1944 போட்ட ஒன்றைப் புதுப்பேட்டையில் ஒரு கடையின் படிக்குக் கீழே கண்டுபிடித்தேன். முதலாளி அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரை எழுப்ப எனக்கு இரண்டு மாதமாயிற்று, கடைசியில் ஒரு புது பிளாஸ்டிக் ஸ்டூலும் அறுநூறு ரூபாயும் கொடுத்தேன். ஜெரி கேன் இப்போது இல்லை. துரு வாசனை என்று வீட்டில் சண்டை, நண்பர் வீட்டில் இருக்கிறது.

போலிகள் விஷயத்தில் நம் நாடு உலகத்துக்கே அண்ணன். 'பழைய' பித்தளை திசைகாட்டி, லண்டன் பெயரும் 1917-உம் பொறித்து, ரூர்க்கியிலும் மொராதாபாத்திலும் மலிவாகக் குவிகிறது. சந்தையில் ஒருவர் எனக்கு இரும்புத் தொப்பி விற்றார், உள்ளே தோல், தோலில் வியர்வைக் கறை, எல்லாம் கச்சிதம். வீட்டுக்கு வந்து முகர்ந்து பார்த்தால் டீ டிகாக்ஷன். இரண்டு தொப்பி என்று மேலே சொன்னேனே, ஒன்று அது.

தோட்டா, வாள் பக்கம் மட்டும் போவதே இல்லை. ஒருவர் பெட்டியின் அடியிலிருந்து .303 தோட்டாக்களைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக் காட்டியபோது நான் கும்பிடு போட்டு நகர்ந்துவிட்டேன். 1959 ஆயுதச் சட்டத்துக்கு 'பழசு சார், சும்மா ஷோவுக்கு' என்பதெல்லாம் பதில் ஆகாது.

மெடலுக்கு வருகிறேன். அதுவரை நான் சேர்த்தது யாருடையது என்று தெரியாத பொருட்கள். மெடல் அப்படி இல்லை, அதில் ஆளின் பெயர் இருக்கும். முதல் உலகப் போருக்குக் கொடுத்த பிரிட்டிஷ் வார் மெடல் வெள்ளி. ஒரு குடும்பத்துக்குக் கஷ்டம் வந்தால் அது போய்ச் சேருமிடம் சேட்டுக் கடை, அங்கே ராஜா தலையையும் பெயரையும் யார் பார்த்தார்கள், கிராம் கணக்குத்தான். 1980 தொடக்கத்தில் உலகமெங்கும் வெள்ளி விலை தாறுமாறாக ஏறியபோது உருகிப்போன மெடல்களுக்குக் கணக்கே இல்லை. மூட்டை தூக்கவும் மண் வெட்டவும் தொழிலாளர் படையில் போன இந்தியர்களுக்கும் சீனர்களுக்கும் அதே மெடலை வெண்கலத்தில் அடித்துக் கொடுத்தார்கள். அன்றைக்கு அது அவமானம்தான், ஆனால் உருக்கி லாபமில்லை என்பதால் தப்பித்தது. இரண்டாம் போரின் வார் மெடலும் அப்படியே, செம்பும் நிக்கலும் கலந்தது. ஒரு பக்கம் ஆறாம் ஜார்ஜ், மறுபக்கம் இரண்டு தலை டிராகன் மேல் ஏறி நிற்கும் சிங்கம். இருபத்தெட்டு நாள் பணியில் இருந்த யாருக்கும் கிடைத்தது. ஆங்கிலேயச் சிப்பாய்க்குப் பெயர் பொறிக்காமல் அப்படியே அட்டைப் பெட்டியில் அனுப்பினார்கள், இந்தியச் சிப்பாய்க்கோ விளிம்பில் எண்ணும் பதவியும் பெயரும் ரெஜிமென்ட்டும் பொறித்துக் கொடுத்தார்கள். இதிலாவது நம் ஆட்களுக்கு ஒரு கை கூட.

ஒன்றரை வருஷம் முன்பு அதே பல்லாவரத்தில் ஒரு ட்ரங்குப் பெட்டி. கறுப்புப் பெயின்ட், மூடியில் வெள்ளை எழுத்தில் ஒரு பெயர், ஒரு எண், அதற்குக் கீழே ஒரு கிராமம், தபால் ஆபீஸ், வட ஆற்காடு ஜில்லா. உள்ளே நாப்தலின் வாசனை, பழைய தமிழ்ச் செய்தித்தாள், ஒரு ஷேவிங் கிண்ணம். விற்றவர் பெட்டிக்கு மட்டும்தான் விலை சொன்னார். வீட்டுக்கு வந்து அடியில் விரித்திருந்த தாளை எடுத்தபோது வட்டமாக ஒன்று உருண்டது. விளக்கடியில் வைத்து விளிம்பைத் திருப்பித் திருப்பிப் படித்தேன்: எண், சிப்பாய், பெயர், மெட்ராஸ் ரெஜிமென்ட் என்பதன் சுருக்கம். மூடியில் இருந்த அதே எண், அதே பெயர். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அன்று ராத்திரி தூங்கவில்லை. சந்தோஷத்தில்தான்.

வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் போவது இன்று நேற்று வந்ததில்லை. கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருக்கும் ஊர்களே உண்டு. பெட்டியில் இருந்த ஊரைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. ஒரு சனிக்கிழமை காலை பஸ் பிடித்தேன். எதற்குப் போகிறாய் என்று மனைவி கேட்டபோது, "மெடலைக் காட்டிட்டு, அவரைப் பத்திக் கேட்டுட்டு வரேன்" என்றேன். சட்டைப் பையில் ஜிப் கவரில் மெடல். அவர்கள் கேட்டால் கொடுத்துவிடுவது என்றுதான் பஸ்ஸில் முடிவு செய்திருந்தேன், இதை நீங்கள் நம்ப வேண்டும்.

டீக்கடையில் பெயரைச் சொன்னதும், "பட்டாளத்தார் வீடா?" என்று கையைக் காட்டினார்கள். அறுபத்தைந்து, எழுபது வயதில் ஒரு அம்மா, அந்தச் சிப்பாயின் மருமகள். பழைய ராணுவப் பொருட்கள் பற்றி எழுதுகிறவன் என்று சொல்லிக்கொண்டேன், முழுப் பொய்யில்லை. "வா தம்பி, உக்காரு" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டிவிக்கு மேலே சுவரில் சட்டம் போட்ட படம். மீசை வைத்த ஒரு இளைஞன், இடுப்பில் நான் சொன்ன அதே பெல்ட். படத்துக்குக் கீழே அதே கண்ணாடிக்குள் சிவப்பு வெல்வெட், அதில் குத்தி வைத்த மூன்று மெடல்கள். 1939-45 ஸ்டார், பர்மா ஸ்டார், இந்தியா சர்வீஸ் மெடல். நாலாவது இடத்தில் ஒன்றுமில்லை. ஆனால் வெளிச்சம் பட்டு மற்ற இடமெல்லாம் வெளுத்த வெல்வெட்டில் அந்த ஒரு இடம் மட்டும் வட்டமாக, நல்ல சிவப்பாக, போன வாரம் வாங்கின துணி மாதிரி இருந்தது.

"அது ஒண்ணு எங்க போச்சுன்னே தெரில தம்பி. கண்ணாடி மாத்துறப்ப கழட்டி எங்கியோ பத்திரமா வெச்சோம். அவ்ளோ பத்திரமா வெச்சதுல காணாமப் போச்சு. பழைய பெட்டிங்களை எல்லாம் என் பையன் எடைக்குப் போட்டான், அதோட போச்சோ என்னமோ."

இந்த இடத்தில் என் கை சட்டைப் பைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. அந்த நிமிடம் மனதில் ஓடியதை அப்படியே எழுதுகிறேன். மூன்றும் இங்கே, ஒன்று என்னிடம், நாலும் ஒரே ஆளுக்கு, பர்மா ஸ்டாரோடு, பெட்டியோடு, போட்டோவோடு. இப்படி ஒரு முழு செட் எனக்குத் தெரிந்த யாரிடமும் இல்லை. என்ன கேட்பார்கள், எவ்வளவு வரை போகலாம், ஏடிஎம் எங்கே இருக்கிறது. வாய் தானாகக் கேட்டது: "இதெல்லாம் கொடுக்கிற எண்ணம் ஏதாவது இருக்காம்மா?"

அந்த அம்மா கோபப்படவில்லை. நான் பாஷை தெரியாமல் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்ட மாதிரி சிரித்தார். "மாமனாரை எப்பிடிப்பா குடுக்கறது?" என்றார். அப்புறம் டீ வந்தது. அவர் பர்மாவிலிருந்து திரும்பியதும் பல வருஷம் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் முதுகு சாய்த்துத்தான் சாப்பிடுவாராம், நடுக்கூடத்தில் உட்காரவே மாட்டாராம். மழைக்காலத்தில் செருப்புப் போடாமல் வாசலுக்கு யார் போனாலும் அட்டை கடிக்கும் என்று சத்தம் போடுவாராம், அந்த ஊரில் அட்டையே கிடையாது. இதையெல்லாம் சொல்லிவிட்டு, "நீ நல்ல மனுசன், இவ்ளோ தூரம் வந்து கேக்குற" என்றார். நான் போனில் சட்டத்தைப் படம் எடுத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டு, சட்டைப் பையில் மெடலோடு பஸ் ஏறினேன்.

வந்து மனைவியிடம் சொன்னேன், ஒரு பூஜ்ஜியமும் விழுங்காமல். அவள் திட்டவில்லை, அதுதான் பிரச்சினை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன்.

அதற்கப்புறம் பல்லாவரம் போகவில்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். போன வெள்ளிக்கிழமைகூடப் போனேன், ஒரு கார்க் கிடைத்தது.

பெயின்டர் வேலையை முடித்துவிட்டு, எல்லாவற்றையும் மறுபடி பரணில் ஏற்ற உதவி செய்தார். அந்த ட்ரங்குப் பெட்டியை மட்டும் நான் மேலே ஏற்ற விடவில்லை, கூடத்திலேயே கிடக்கிறது, மெடல் அதற்குள். நேரில் போய்க் கொடுத்து, எப்படிக் கிடைத்தது, அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று விளக்க வேண்டும். அடுத்த ஞாயிறு என்று மூன்று ஞாயிறு போய்விட்டது. நேற்று மனைவி வீடு பெருக்கும்போது துடைப்பத்தால் பெட்டியைத் தட்டி, "நேர்ல போக வெக்கமா இருந்தா கூரியர்ல அனுப்புங்களேன்" என்றாள். "முகவரிதான் மூடியிலேயே எழுதியிருக்கே."